பூச்சி தின்னும் செடி வாடினால்: டெல்டா பள்ளிகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பொங்கல் கழிந்ததும் போன் வர ஆரம்பிக்கும். “சார், ஈ பிடிக்கிற செடி கருகுது.” “ஜாடியே வைக்க மாட்டேங்குது.” “பிசுபிசுப்பு போயிடுச்சு.” மன்னார்குடி, கும்பகோணம், சீர்காழி என்று ஊர் மாறுமே தவிர கோளாறு மாறாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் செழித்து நின்ற செடி தை மாதம் படுத்துவிடும். பிடித்துவைத்த மழைத்தண்ணீர் தீர்ந்து, யாரோ போர் குழாயைத் திறந்திருப்பார்கள்.

செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள், காசு கேட்கும் காரணத்துக்குக் கடைசியில் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஒரு வாரமாவது பொறுங்கள். தண்ணீர், மண், இடம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் செடி பிழைத்தாலும் எது கோளாறு என்று தெரியாது. சோதனைகளைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். நன்றாக இருக்கும் செடியைவிட, என்ன ஆச்சு என்று தெரியாமல் நிற்கும் செடிதான் பிள்ளைகளை யோசிக்க வைக்கிறது. ஆசிரியர் முந்திக்கொண்டு பதிலைச் சொல்லிவிடாமல் இருந்தால் போதும்.

எந்தச் செடி என்று பார்த்துக்கொள்ளுங்கள்

இலை நுனியில் ஜாடி தொங்கினால் நெப்பந்தஸ். இலை முழுக்க முடியும், முடி நுனியில் பிசின் துளியும் இருந்தால் டிரோசெரா. பூச்சி பிடிக்கும் பொறியாக இரண்டு மடல் சேர்ந்து மூடினால் வீனஸ் ஃப்ளைட்ராப். தண்ணீரில் வேரில்லாமல் மிதந்து, நூல் போன்ற இலைகளில் குட்டிக் குட்டிப் பைகள் இருந்தால் யூட்ரிகுலேரியா. இது நம் குளத்திலும் வயல் வாய்க்காலிலும் தானாகவே இருக்கிறது.

டிரோசெராவும் ஃப்ளைட்ராப்பும் தட்டில் ஒன்றிரண்டு செ.மீ. தண்ணீர் நிற்க வாழும். நெப்பந்தஸ் அப்படி நின்றால் அழுகும். எல்லாத் தொட்டியையும் ஒரே தட்டில் வைத்திருந்தால் முதல் வேலையாக நெப்பந்தஸைத் தனியே எடுங்கள்.

அறிகுறி: இலை நுனி, பொறி, ஜாடி கருகுகிறது

*அடியில் இருக்கும் பழைய இலை மட்டும் கருகினால்:* வயதாகிவிட்டது, அவ்வளவுதான். கத்தரித்துப் போடுங்கள். நடுவில் புது இலை பச்சையாக வந்துகொண்டிருந்தால் கவலையே வேண்டாம்.

*புது இலையும் சேர்ந்து கருகினால்:* தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இங்கேதான் முடிகின்றன. இந்தச் செடிகள் உப்பும் உரமும் இல்லாத சதுப்பு நிலத்துக்குப் பழகியவை. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு தொட்டியில் நாளுக்கு நாள் சேர்ந்து வேரைக் கொல்லும்.

மீட்டர் இல்லாமலே பார்க்கலாம். ஒரு கண்ணாடித் துண்டைச் சுத்தமாகத் துடைத்து, ஒரு பக்கம் மழைத்தண்ணீர் ஒரு சொட்டு, இன்னொரு பக்கம் போர் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு வெயிலில் வையுங்கள். அரை மணியில் இரண்டும் காய்ந்துவிடும். போர் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் நிற்கும். ஓரம் தடிப்பாக இருக்கும், விரலால் தேய்த்தால் மாவாக வரும். மழைத்தண்ணீர் இருந்த இடத்தைச் சாய்த்துப் பிடித்துத் தேட வேண்டியிருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பார்த்ததும் வீட்டுக்கு ஓடிப்போய் கேன் தண்ணீர், குளத்துத் தண்ணீர், அடிபம்புத் தண்ணீர் என்று பாட்டில் பாட்டிலாகக் கொண்டு வருவார்கள். தடுக்காதீர்கள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொட்டு விடச் சொல்லுங்கள்.

சில நூறு ரூபாய் செலவு செய்ய முடிந்தால் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். அளவு 50 பி.பி.எம்.-க்குள் (பத்து லட்சத்தில் 50 பங்குக்குள்) இருந்தால் நல்லது, 100 வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் ஆகாது. குடிதண்ணீருக்கு 500 வரை ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தர அளவு. நாம் குடிப்பதால் செடியும் குடிக்கும் என்று நினைப்பது இங்கேதான் தவறுகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரில் ஆயிரத்தைத் தாண்டும் இடங்கள் உண்டு.

மாற்றுத் தண்ணீர், மலிவிலிருந்து:

மழைத்தண்ணீர்தான் முதல். ஐப்பசியிலேயே மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வையுங்கள். முதல் மழை கூரை அழுக்கை அடித்துக்கொண்டு வரும், அதை விட்டுவிடுங்கள். சிமெண்டுத் தொட்டியில் பிடித்தால் சுண்ணாம்பு கரையும். பத்துச் சின்னத் தொட்டிகளுக்கு 200 லிட்டர் டிரம் ஒன்று ஏறக்குறையக் கோடையைத் தாண்டும்.

அடுத்தது ஏசி குழாயில் சொட்டும் தண்ணீர். வங்கி, செல்போன் கடை எங்கே கேட்டாலும் கொடுப்பார்கள். சுத்தமான வாளியில் பிடித்து மீட்டரில் பார்த்துவிட்டு ஊற்றலாம். கேன் தண்ணீர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அளக்காமல் ஊற்ற வேண்டாம்.

வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்ததும், ஆசையாக அதை மொண்டு வந்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்பு போர் தண்ணீரைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் வழியில் எத்தனையோ வயல்களின் யூரியாவும் டிஏபியும் அதில் கலந்திருக்கும். குறுவைக்கு உயிர் கொடுக்கும் தண்ணீர் இந்தச் செடிக்கு ஆகாது.

கெட்ட தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்று தெரிந்தால், தொட்டி கொள்ளும் அளவைப்போல் மூன்று நான்கு மடங்கு மழைத்தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள். வடிந்த தண்ணீரை அளந்து பார்த்தால் உப்பு குறைந்துகொண்டே வருவது எண்ணாகத் தெரியும். இரண்டு மூன்று வாரத்தில் புது இலை வரவில்லை என்றால் மண்ணை மாற்றுங்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* பள்ளியில் ஆர்.ஓ. மெஷின் இருந்தும் அதன் தண்ணீர் 100-க்கு மேல் காட்டினால், அந்த மெஷினைச் சர்வீஸ் செய்பவரிடம் சொல்லுங்கள். மெம்பரேன் (உப்பை வடிகட்டும் சவ்வு) போயிருக்கலாம், அல்லது சுவைக்காக உப்புத் தண்ணீரைக் கலக்கும் திருகு திறந்திருக்கலாம். திருகு என்றால் செலவே இல்லை, மெம்பரேன் என்றால் ஆயிரத்துக்கு மேல். அதை நீங்களே கழற்றாதீர்கள். தண்ணீரில் என்னென்ன உப்பு இருக்கிறது என்று முழு அறிக்கை வேண்டுமானால் தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் விசாரிக்கலாம்.

*தண்ணீர் சரி, இன்னும் கருகுகிறது என்றால்:* யாராவது ஊட்டம் கொடுத்தார்களா என்று கேளுங்கள். அதட்டிக் கேட்டால் உண்மை வராது. விவசாய வீட்டுப் பிள்ளை செடி வாடினால் பஞ்சகவ்யம் கொண்டு வரும், அரிசி கழுவின தண்ணி ஊற்றும், மண்புழு உரம் ஒரு பிடி போடும். அது அக்கறை. அந்த அக்கறையைக் குறை சொல்லாமல், இந்தச் செடிக்கு வேரில் ஊட்டம் கூடாது, பூச்சி வழியாகத்தான் எடுக்கும் என்று சொல்லிவிட்டு, மேலே சொன்னபடி மழைத்தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

*அதுவும் இல்லை என்றால் மண்:* வண்டல், செம்மண், எருக்கலவை எதுவும் ஆகாது. பீட் மாஸும் (சதுப்பில் மக்கிய பாசி) பெர்லைட்டும் (சூட்டில் பொரிந்த எரிமலைக் கல் துகள்) பாதிக்குப் பாதி. பீட் மாஸ் பாக்கெட்டில் உரம் சேர்த்தது என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். பெர்லைட்டுக்குப் பதில் ஆற்று மணலை நன்றாக அலசிப் போடலாம். அதற்கு முன் ஒரு ஸ்பூன் மணலில் வினிகர் விட்டுக் காதருகே பிடியுங்கள். சுர்ரென்று நுரைத்தால் கிளிஞ்சல் துகளோ சுண்ணாம்போ கலந்திருக்கிறது, வேண்டாம். கொள்ளிடத்து மணல் என்று சொல்லிக் கொடுத்தாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கடற்கரைப் பக்கத்து மணல் நிச்சயமாக வேண்டாம்.

தென்னைநார்க் கழிவு நம் பக்கம் மலிவு, ஆனால் உப்பு பிடித்தது. மழைத்தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த தண்ணீரின் மீட்டர் அளவு ஊற்றிய தண்ணீரின் மீட்டர் அளவுக்குப் பக்கத்தில் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அப்படிச் செய்தாலும் நெப்பந்தஸுக்கு மட்டும்தான் நான் சொல்வேன். மண்தொட்டியும் வேண்டாம். அதன் வெளிப்புறத்தில் பூக்கும் வெள்ளையைப் பார்த்தாலே காரணம் புரியும்.

அறிகுறி: ஃப்ளைட்ராப் மூடவில்லை, அல்லது மூடி அழுகிவிட்டது

*மூடவில்லை:* ஒவ்வொரு மடலிலும் பொதுவாக மூன்று உணர்முடிகள் இருக்கும். சுமார் 20 நொடிக்குள் இரண்டு முறை தொட்டால்தான் மூடும். ஒரு தரம் தொட்டுவிட்டு மூடவில்லை என்று சொல்லும் பிள்ளையிடம் கடிகாரத்தைக் கொடுத்து இடைவெளியைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் மூடவில்லை என்றால் அது பழைய பொறி, அல்லது விளையாட்டுக்கு மூடி மூடி ஓய்ந்துபோனது. ஒரு பொறி தன் ஆயுளில் சில முறைதான் மூடித் திறக்கும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதற்கு ஒரே வழி, ஒரு பொறியின் காம்பில் நூல் கட்டி “இது தொடும் பொறி” என்று ஒதுக்கிவிடுவது. மற்றதெல்லாம் பார்க்க மட்டும்.

*மூடி அழுகியது:* உள்ளே என்ன போட்டார்கள் என்று பாருங்கள். இட்லி, பிஸ்கட், கறித்துண்டு எல்லாம் அழுகும். பூச்சியாக இருந்தாலும் பொறியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் மடல் விளிம்பு சரியாக மூடாமல் கெடும். செத்த பூச்சி அசையாது, அசையாவிட்டால் செரிக்கும் நீர் சரியாகச் சுரக்காது. அதனால் செத்த பூச்சி வைத்தால் மூடிய பொறியை வெளியிலிருந்து மெல்ல வருடிக் கொடுங்கள்.

*வருஷத்துக்கு வருஷம் சிறுத்துப்போகிறது:* இதற்குச் செலவில்லாத தீர்வு இல்லை. இந்தச் செடியின் சொந்த ஊர் அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்கள். அங்கே குளிர்காலத்தில் மூன்று மாதத்துக்கு மேல் உறங்கும். நம் மார்கழிப் பனி அதற்குப் போதாது. டிசம்பரில் செடியைப் பிடுங்கி மண்ணை அலசி, ஈர ஸ்பேக்னம் பாசியில் (சதுப்பில் வளரும் பாசி) சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் பிப்ரவரி வரை வைப்பவர்கள் இருக்கிறார்கள். இடையிடையே பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளிக்கு இது ஒத்துவராது. முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு ஃப்ளைட்ராப் வேண்டாம் என்றே சொல்வேன். நம் வெயிலுக்கு டிரோசெரா பர்மானியும் கலப்பின நெப்பந்தஸும்தான் பொருத்தம்.

அறிகுறி: நெப்பந்தஸ் இலை விடுகிறது, ஜாடி வைக்கவில்லை

*பார்சலில் வந்து ஒன்றிரண்டு மாதம்தான் ஆகிறது:* பழைய ஜாடி காய்வது இயல்பு. பயணத்தில் ஜாடித் தண்ணீர் கொட்டியிருந்தால் நல்ல தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு விடுங்கள். இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

*இலை கரும்பச்சையாக நீண்டு தொங்குகிறது:* வெளிச்சம் போதவில்லை. காலை வெயில் படும் கிழக்குத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள்.

*இலை நுனியில் ஜாடி மொட்டு வந்து காய்ந்துபோகிறது:* காற்றில் ஈரம் இல்லை. ஆடிக்காற்று நாட்களில் இது சாதாரணம். மேற்குக் காற்றுக்கு மறைவாக வைத்து, பக்கத்தில் அகலமான தட்டில் தண்ணீர் வையுங்கள், தொட்டி அதில் நிற்கக் கூடாது. வாழைக்கு நடுவே தொங்கவிட்ட செடி கேட்காமலே ஜாடி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே நிழலும் ஈரமும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

*தொட்டி ஈரமாக இருந்தும் செடி தொங்குகிறது:* வேரைப் பாருங்கள். நெப்பந்தஸ் வேர் இயல்பிலேயே கருப்பு, நிறத்தை வைத்து அழுகல் என்று முடிவு செய்யாதீர்கள். விரலால் அழுத்தினால் விறைப்பாக இருக்கிறதா, வழுக்கிக்கொண்டு பிய்கிறதா, நாற்றம் வருகிறதா? பிய்ந்தால் நல்ல தண்டை வெட்டி ஈரப் பாசியில் நட்டு வையுங்கள், தாய்ச்செடியை நம்ப வேண்டாம்.

விற்பவர் நெப்பந்தஸ் காசியானா என்று பேர் சொல்லி, எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள். மேகாலயா மலைகளுக்கே உரிய செடி அது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது.

அறிகுறி: டிரோசெராவில் பிசின் துளி இல்லை

நேற்று மழை பெய்ததா? கழுவிப் போயிருக்கும், ஓரிரு நாளில் திரும்பும். மழை இல்லை என்றால் வெளிச்சம் குறைவு. ஆரோக்கியமான செடி வெயிலில் சிவந்திருக்கும், நிழலில் வெளிறி நீளும். அக்னி நட்சத்திரத்தில் மாடித் தரையில் வைத்திருந்தால் தொட்டியே சுடும். கருப்புத் தொட்டியை வெள்ளையாக்கி, 50 சதவீதப் பச்சை நிழல்வலைக்குள் கொண்டு வாருங்கள். யாராவது வேப்பெண்ணெயோ சோப்புத் தண்ணீரோ அடித்திருந்தாலும் துளி போகும்.

*பூத்து முடிந்ததும் செத்துவிட்டது:* டிரோசெரா பர்மானி பெரும்பாலும் ஒரு பருவச் செடி. விதை கொட்டியிருக்கும். தொட்டியைத் தூக்கி எறியாமல் ஈரமாகவே வைத்திருங்கள், தூசி போன்ற விதை முளைத்துவிடும்.

அறிகுறி: ஜூனில் பள்ளி திறந்ததும் எல்லாம் காய்ந்து கிடக்கிறது

நெப்பந்தஸ் தண்டின் அடியில் நகத்தால் லேசாகக் கீறுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்ததை வெட்டிவிட்டு நிழலில் வைத்து ஒரு மாதம் காத்திருங்கள், அடியிலிருந்து துளிர்க்கும். டிரோசெரா தொட்டியில் விதை இருக்கும், தட்டில் மழைத்தண்ணீர் விடுங்கள். ஃப்ளைட்ராப்பின் அடிக்கிழங்கு கெட்டியாகவும் வெள்ளையாகவும் இருந்தால் நம்பிக்கை உண்டு, கூழாகிவிட்டால் இல்லை.

அடுத்த கோடையில் இது நடக்காமல் இருக்க, ஏப்ரல் கடைசி நாளில் ஒரு பிள்ளைக்கு ஒரு தொட்டியும் இரண்டு கேன் மழைத்தண்ணீரும் கொடுத்து அனுப்புங்கள். வாட்ச்மேன் அண்ணனிடம் பொறுப்பை விடுவது அவருக்கும் பாரம், செடிக்கும் ஆபத்து. வீட்டுக்குப் போன செடியை அம்மாவும் பாட்டியும் பார்ப்பார்கள். ஜூனில் திரும்பி வரும்போது வீட்டில் நடந்த கதையோடு வரும்.

அறிகுறி: தட்டுத் தண்ணீரில் கொசுப்புழு

இதைத் தள்ளிப்போடாதீர்கள், டெங்கு பரப்பும் கொசுவுக்கு இந்தத் தட்டுத் தண்ணீரே போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள். அதற்குள் ஒரு தரமாவது தட்டைக் கவிழ்த்துத் துணியால் உட்புறத்தைத் துடைத்து, புதுத் தண்ணீர் விடுங்கள். முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும் என்பதால் துடைப்பது முக்கியம். மண்ணெண்ணெய் விடாதீர்கள். சுகாதாரப் பணியாளர் வந்து கேட்டால் துடைக்கும் நாளை எழுதிவைத்த நோட்டைக் காட்டுங்கள்.

அறிகுறி: செடியைக் கிளறிப் போட்டிருக்கிறது, வெள்ளையாக ஒட்டியிருக்கிறது

அணில் பாசியைக் கூட்டுக்கு எடுத்துப் போகும், கம்பிவலை போதும். வெள்ளைப் பஞ்சு மாவுப்பூச்சி, ஸ்பிரிட்டில் (ஆல்கஹால்) நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். பக்கத்து வயலில் மருந்து அடிக்கும் நாளில் தொட்டிகளை உள்ளே எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: செடி நன்றாக இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விட்டது

*வேடிக்கை பார்ப்பதைத் தவிர அவர்களுக்கு வேலை இல்லை:* முதல் காரணம் இதுதான். டிரோசெராவில் ஒரு இலையில் மணல் துகள், இன்னொன்றில் ஒரு சொட்டுப் பால், மூன்றாவதில் செத்த எறும்பு வைத்து, மறுநாள் எந்த இலை எவ்வளவு வளைந்திருக்கிறது என்று வரையச் சொல்லுங்கள். டார்வின் இதே செடிவகையில் முடித்துணுக்கு முதல் இறைச்சி வரை வைத்துப் பார்த்தவர். விதையிலிருந்து நிறைய நாற்று வந்திருந்தால், பாதிக்கு மழைத்தண்ணீர், பாதிக்குப் போர் தண்ணீர் என்று பிரித்து வாராவாரம் அளக்கலாம்.

*ஒரு பிள்ளை அழுகிறது, “பாவம் பூச்சி” என்கிறது:* உயிருள்ள பூச்சியைப் பிடித்துப் போடுவதை நிறுத்துங்கள். செடி தானாகப் பிடிப்பது போதும். அந்தப் பிள்ளையை வேறு வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். நிறையப் பிள்ளைகளின் மனதில் இருக்கும் கேள்வியை அது வாய்விட்டுக் கேட்டிருக்கிறது.

*வாங்கிய செடி தூரத்து ஊர்ச் செடியாகவே இருக்கிறது:* அப்படியானால் யூட்ரிகுலேரியாவைக் கொண்டு வாருங்கள். சம்பா நேரத்தில் குளத்தில், வயல் ஓரத்துத் தண்ணீரில் மஞ்சள் பூ நீட்டிக்கொண்டு நிற்கும். பெரியவர் ஒருவர்தான் இறங்கி எடுக்க வேண்டும், களைக்கொல்லி அடித்த வயலில் வேண்டாம். ஒரு கொத்து போதும், அந்தக் குளத்துத் தண்ணீரோடே கண்ணாடி பாட்டிலில் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பைகள் கண்ணாடி போல் தெளிவாக இருக்கும், சிலவற்றில் மட்டும் கருப்பாக ஏதோ தெரியும். இன்னும் உற்றுப் பார்த்தால் அது கால் உதைப்பது தெரியும். பையின் வாயில் உள்ள முடியைத் தொட்ட உயிரி நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் உள்ளே இழுக்கப்படுகிறது. அதனால் இழுப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, இழுத்த பிறகுதான் பார்க்க முடியும். பாட்டில் தண்ணீர் பச்சையாகிக் கொத்து கரைந்தால் நேர்வெயிலிலிருந்து நகர்த்துங்கள், குளோரின் குழாய்த் தண்ணீரைச் சேர்க்காதீர்கள்.

*எந்த இனம் என்று பிள்ளைகள் கேட்டு, உங்களுக்கும் தெரியவில்லை:* இங்கே நிபுணரிடம் போகலாம். பூவோடு ஒரு கொத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அடியில் கெட்டித் தாளைக் கொடுத்து அப்படியே தூக்குங்கள். மேலே மெல்லிய துணி போட்டுச் செய்தித்தாளுக்குள் வைத்துப் பாரம் ஏற்றி, தாளைத் தினமும் மாற்றிக் காயவையுங்கள். எடுத்த ஊர், குளம், தேதி, பூவின் நிறம் எழுதி, பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறைக்கோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரக் களஞ்சியத்துக்கோ முன்கூட்டிப் பேசிவிட்டு எடுத்துப் போங்கள். பூ காய்ந்ததும் நிறம் மங்கும், அதனால் நிறத்தை எடுத்த அன்றே எழுதிவிட வேண்டும்.